இரும்புக்குத் தையல் விட்டவர்

டெய்லரம்மா அளவு எடுத்தால் தப்பாது. இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடத்தில் அவர் தைத்த சட்டை யாருக்காவது இறுக்கமாக இருந்தால் சட்டை சுருங்கியிருக்காது, போட்டவர்தான் பருத்திருப்பார். அதை ஆளின் முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. அப்படியும் வாடிக்கையாளர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கீழ்வீட்டின் முன்னறையில் மிஷின், பின்னறையில் கட்டில். தையலில்தான் தங்கையை வளர்த்தார், படிக்க வைத்தார். வேலை கிடைத்து வெளியூர் போன தங்கை பழைய செருப்பைக்கூட விடாமல் மூட்டை கட்டிக்கொண்டு, இரண்டு சுகர் கிளைடர்களை மட்டும் அக்கா தலையில் கட்டிவிட்டுப் போனாள். போன இடத்து ஹாஸ்டலில் அவற்றுக்கு அனுமதி இல்லையாம்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறப் பிராணிகள். முகத்தில் பாதி கண். கைக்கும் காலுக்கும் நடுவே தோல் மடிந்து கிடக்கும், அதை விரித்தால் அலமாரி உச்சியிலிருந்து ஜன்னல்வரை மிதந்தே போய்விடும். "இவ்வளவு துணியை விட்டு யாருடி தைச்சா இதை?" என்று முதல் நாள் வாயைப் பிளந்தவர், ஒரே வாரத்தில் பட்டன், காஜா என்று பெயரும் வைத்துவிட்டார். ஒன்றைவிட்டு ஒன்று இருக்காது, பிரித்தால் சாப்பிடாமல் கிடந்தே வாடிப்போகும் என்று தங்கை எச்சரித்திருந்தாள்.

வினை காஜாவால் வந்தது. பழைய கூண்டின் கதவு மேலே தூக்கித் திறக்கிற மாதிரி. மூக்கை அடியில் கொடுத்து அதைத் தூக்கக் கற்றுக்கொண்ட காஜா, ஒரு சாயங்காலம் வெளியே வந்து, மாடியிலிருந்து புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வந்த வீட்டுக்காரம்மாவின் கொண்டையில் போய் இறங்கியது. அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன.

வீட்டுக்காரம்மா வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாள். பேச்சில் இன்னும் வங்கி போகவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்ப்பேன். வெளியே வர முடியாத கூண்டா இருக்கணும். அதுக்கு நடுவுல ஒரு தடவை வந்தாலும், அதுங்களை யாருக்காவது குடுத்துடுங்க. இல்லையா, வேற வீடு பாத்துக்கோங்க."

வேறு வீடு பார்த்தால் வாடிக்கை போய்விடும். கிளைடர்களைக் கொடுக்கவும் முடியாது. தங்கச்சி பொருளாச்சே என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், அது சும்மா. தங்கை போன பிறகு, மிஷினை நிறுத்தியதும் வீடு அவரை விழுங்க வந்தது. அந்த நேரத்தில் அவை தூங்குகிற துணிப்பையிலிருந்து எட்டிப் பார்க்கிற இரண்டு மூக்குகள் இல்லாமல் இருக்க அவரால் முடியாது.

கூண்டு வேட்டை தொடங்கியது. வெறுங்கையோடு போகிற ஆளா அவர்? காஜாவின் தலையை அளந்து, அதே அளவில் துணித்தலை ஒன்று தைத்து, பஞ்சை இறுக அடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். முதல் கடையில் கிளிக்கூண்டு காட்டினார்கள். கம்பிக்கு நடுவே துணித்தலையை நீட்டினார், அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய் விழுந்தது.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் கடைக்காரர்.

"ட்ரையல் பாக்கறேன். நீங்க பேன்ட் வாங்கினா போட்டுப் பாக்க மாட்டீங்களா?"

அடுத்த கடையில் கூரை வைத்த உருண்டைக் கூண்டு, பார்க்க அரண்மனை மாதிரி. உருண்டைக்குள் மூலை இல்லாததால் இவை மிரளும், ஓடித் தாவ உயரமும் போதாது. மூன்றாவது கடையில் உயரம் இருந்தது, ஆனால் கம்பியில் பூச்சு உரிந்து துரு ஏறியிருந்தது. இவை கம்பியை நக்குகிற ஜாதி. இடைவெளி அரை இஞ்சுக்கு மேல் கூடாது, தூக்குகிற கதவானால் கொக்கி போட்டே ஆகவேண்டும் என்று தங்கை போனில் படித்துப் படித்துச் சொன்னாள். "அளவைப் பத்தி எனக்கே பாடமா?" என்று அக்கா போனை வைத்தார்.

கடைசியில் அடுத்த தெரு வெல்டரிடம் சொல்லிச் செய்வது என்று முடிவானது. சீட்டில் அளவு எழுதி அனுப்பினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூண்டு வந்தது. பூச்சு பளபளவென்று இருந்தது, கதவில் இரட்டைக் கொக்கி. தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்து கிடந்ததால், தூங்கிக்கொண்டிருந்த இரண்டையும் பையோடு உள்ளே மாட்டி, கொக்கியைப் போட்டார். தன் சீட்டுக்குச் செய்த கூண்டுக்கு ட்ரையல் எதற்கு? துணித்தலை கைப்பையிலேயே கிடந்தது.

சாயங்காலம் ஒரு சுடிதாரைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் கொக்கி போட்டபடி இருக்கிறது, கூண்டு காலி.

ஓடிப்போய் முதலில் குளியலறை வாளியைப் பார்த்தார், நல்லவேளை தண்ணீர் மட்டும்தான் இருந்தது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காஜா கிடைத்தது. பட்டனைக் காணோம். மாடிப்படிப் பக்கத்து ஜன்னல் நாலு விரல் அளவு திறந்திருந்தது.

வெல்டருக்குப் போன் போட்டு வறுத்தெடுத்தார். "அரை இஞ்ச் கேட்டா என்ன தம்பி செஞ்சு வச்சிருக்க? என் குழந்தையைக் காணோம்!"

வெல்டர் பதறிப்போய்ச் சீட்டோடு ஓடி வந்தார். "நீங்க எழுதினதுதான் அக்கா. உயரம் மூணு அடி அரை இஞ்ச், அகலம் ரெண்டு அடி அரை இஞ்ச், கம்பி நடுவுல ஒரு இஞ்ச். அந்த உபரி அரை இஞ்ச் எதுக்குன்னு நானும் மண்டையை உடைச்சுக்கிட்டேன். நீங்க அளவுல தப்பு பண்ண மாட்டீங்களேன்னு கேக்கல."

டெய்லரம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார். அவருடைய கையெழுத்தேதான். எந்த அளவு எழுதினாலும் தையலுக்கு அரை இஞ்ச் சேர்த்து எழுதியே பழகிய கை, இரும்புக்கும் விட்டிருக்கிறது. துணியானால் அந்த அரை இஞ்ச் மடிப்பில் போய்விடும். கம்பியை எங்கே மடிப்பது?

"என் தப்பு தம்பி," என்றார். இருபத்தாறு வருடத்தில் அவர் இதைச் சொல்வது இதுவே முதல் தடவை.

"அதனால என்னக்கா? ஒவ்வொரு சந்துலயும் நடுவுல ஒரு கம்பி வச்சு, பூச்சும் அடிச்சு நாளைக்கே தந்துடறேன். முதல்ல பட்டனைத் தேடுங்க," என்று வெல்டர் கூண்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

காஜா தோளில் உட்கார்ந்து, நாய்க்குட்டி மாதிரி விட்டுவிட்டுக் குரைத்துக் கூப்பிட்டது. பதில் இல்லை. டெய்லரம்மாவுக்கு அழுகை முட்டியது. காஜாவைக் கைக்குட்டையில் தைத்த பைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போகவே கூடாத இடத்துக்கு, மாடிக்கு ஏறினார். வீடு போனால் போகட்டும், பட்டன் உயிரோடு கிடைத்தால் சரி.

மாடிக் கதவு ஒருக்களித்திருந்தது. வீட்டுக்காரம்மா நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். டிவி சத்தமில்லாமல் ஓடியது. எதிரே காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"மேடம், மன்னிச்சுடுங்க, தப்பு என்மேலதான். பட்டன்…"

"உஷ்!" வீட்டுக்காரம்மா உதட்டில் விரல் வைத்தார். அவருடைய ஸ்வெட்டர் பையிலிருந்து வால் நுனி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "தூங்குது. ஒரு மணி நேரமா எழுந்திருக்காம உக்காந்திருக்கேன். கால் மரத்துப் போச்சு."

டெய்லரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டன் மூச்சு விட விட, ஸ்வெட்டர் பை ஏறி இறங்கியது. எடுக்கக் கை நீட்டினார். வீட்டுக்காரம்மா பையின் மேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"கூண்டு எப்போ வரும்?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"நாளைக்கே வந்துடும் மேடம். ராத்திரியே வேலை பாக்கச் சொல்றேன். இனிமே வெளியே வரவே வராது, நான் பொறுப்பு."

வீட்டுக்காரம்மா பைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு விரலால் அந்த வாலை மெல்ல உள்ளே எடுத்து விட்டார்.

"அவசரமே இல்லைன்னு அந்த வெல்டர்கிட்ட சொல்லுங்க," என்றார்.