புடுங்கிப் பார்த்த மல்லாட்டை

கவலைப்படுகிறவர்கள் மல்லாட்டை பயிர் வைக்கக் கூடாது. வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். நெல் என்றால் கதிர் வெளியே வரும், பால் பிடிப்பது தெரியும், தலை சாய்வது தெரியும். கேப்பை வரப்பில் நின்று பார்த்தாலே தன் நிலவரத்தைச் சொல்லிவிடும். மல்லாட்டை மட்டும் மேலே பச்சையாக, ஒன்றும் நடக்காததுபோல நிற்கும். மஞ்சள் பூ பூக்கும், பூவின் அடியிலிருந்து ஊசிபோல விழுது இறங்கி மண்ணுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு உள்ளே காய் பிடிக்கிறதா, பொக்காகப் போகிறதா என்பது கடவுளுக்கும் எலிக்கும்தான் தெரியும்.

எனக்கு அந்த இரண்டு பேர் மேலும் நம்பிக்கை கிடையாது. அதனால் புடுங்கிப் பார்ப்பேன்.

ஒரு செடி. மண்ணை உதறி, காயை எண்ணாமல் கண்ணாலேயே அளந்து, ஒன்றை உடைத்துப் பார்ப்பேன். தோடு உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது, கறுத்திருந்தால் முற்றிவிட்டது. இதைத் தெரிந்துகொள்ள அறுவடைக்கு முன் ஒன்றிரண்டு தடவை புடுங்கினால் போதும். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நான் காலையில் பார்த்ததைச் சாயங்காலம் நம்ப மாட்டேன்.

நான் ஏழாவதோடு நின்றவள். அப்பாவுக்கு இழுப்பு முற்றி, ஏர் பிடித்து ஒரு சால் ஓட்டினாலே வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கத் தொடங்கிய வருஷம் அது. இந்த வருஷம் மட்டும் வீட்டில் இரு, அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகலாம் என்றார்கள். அடுத்த வருஷம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சரி போ என்று சொல்லிவிடுவார்களோ, அப்புறம் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்று ஒரு பயம். என் பயங்கள் எப்போதும் இப்படித்தான், எனக்கே விரோதமாக வேலை செய்யும்.

எண்பதுகளின் நடுவில், எனக்குப் பத்தொன்பது வயதாகும்போது, தம்பி பத்தாவது பாஸ் செய்தான். எங்கள் வீட்டில் முதல் பாஸ். அம்மா கூட்டேரிப்பட்டுக் கடையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வந்து தெருவெல்லாம் கொடுத்தாள். மிட்டாய் கரைவதற்குள் பிரச்சினை ஆரம்பித்தது. அம்மா வழியில் ஒரு மாமா அம்பத்தூரில் லேத்துப் பட்டறையில் இருந்தார். பையனை அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெடாரில் நடந்த ஒரு கல்யாணத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தம்பிக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. ரோட்டில் மெட்ராஸ் பஸ் ஹாரன் அடித்தால் மண்வெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பான்.

அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "அவன் நின்னா பயிர் வெப்போம். போறான்னா இந்த ஆடிக்கு வெக்கிற மல்லாட்டைய மட்டும் எடுத்துட்டு, நெலத்த குத்தகைக்கு வுட்டுடலாம். என்னால ஓடிக்கினு கெடக்க முடியாது."

குத்தகைக்கு எடுக்க ஆள் தயாராகவே இருந்தார். கிழக்கே அடுத்த நிலத்துக்காரர், டிராக்டர் வைத்திருந்தவர். சாயங்காலமானால் அப்பாவின் இழுப்பை விசாரிக்க வருவார். இழுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகும்போது எங்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பார். எட்டிப் பார்க்காமல் ஒருநாளும் போனதில்லை.

அதனால் தம்பி நிற்க வேண்டும். நான் வேண்டாத சாமி இல்லை. மயிலம் மலைக்கு அவனுக்குத் தெரியாமல் அவன் பேரில் வேண்டுதல் வைத்தேன். அவன் தட்டில் மட்டும் மீன் துண்டு அதிகம் விழுந்தது. அவன் நின்றால்தான் நிலம் எங்கள் கையில் நிற்கும் என்று அப்பா சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். அதில் கேள்வி கேட்க ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்ரி சார் வந்து சேர்ந்தார். திண்டிவனத்து விவசாய ஆபீசிலிருந்து வாரம் தவறாமல் மொபெட்டில் வருவார். ஒல்லியான மனிதர். பேச ஆரம்பித்தால் மொபெட்டை அணைக்க மறந்துவிடுவார். எங்கள் அப்பாவைக்கூட சார் என்றுதான் கூப்பிடுவார். படித்த பிள்ளைகள் எல்லாரும் பஸ் ஏறிவிட்டால் கிராமத்தில் யார் மிஞ்சுவார்கள், அவர்களை நிலத்தில் நிறுத்த வேண்டும், அதற்கு வாயால் சொன்னால் போதாது, கண்ணால் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. சுற்று வட்டாரத்தில் பத்தாவது முடித்துவிட்டு நிற்கிற பிள்ளைகளை ஒருநாள் திரட்டி, நல்ல நிலம் ஒன்றைக் காட்டி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவதாகத் திட்டம். புது ரக விதை அவரே கொடுத்தார். நிலம் எங்களுடையது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிற புத்தி எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஏறுமல்லவா.

ஆடியில் விதைத்தோம். ரோட்டோரம் தகரப் பலகை ஒன்று நட்டார்கள். பச்சைப் பெயிண்டில் 'இளம் விவசாயி' என்று எழுதி, கீழே தம்பியின் பெயர். தம்பி அதன் பக்கத்தில் போய் நின்று தலை சீவிக்கொண்டான். போட்டோ எடுக்க யாரும் வரவில்லை.

களை கொத்தி, ஜிப்சம் போட்டு, செடிக்கு மண் அணைத்த அன்று சார் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். "இனிமே மண்ணத் தொடக் கூடாதும்மா. விழுது எறங்குற நேரம். கலைச்சா காய் புடிக்காது. பேசாம இருக்கணும்."

பேசாமல் இருப்பது. அதுதானே எனக்கு வராது.

ஒரு வாரம் இருந்தேன் என்று நினைக்கிறேன். அப்புறம் ஓரத்தில் ஒரு செடி. விழுது இறங்கியிருந்தது, பிஞ்சு விட்டிருந்தது. நிம்மதி. அந்த நிம்மதி சமையல் முடிகிற வரைக்கும் இருந்தது. ஓரத்துச் செடிக்கு வரப்பு ஈரம் கிடைக்கும், நடுவில் எப்படியோ? நடுவில் ஒன்று புடுங்கினேன். அதில் பிஞ்சு குறைவு. இந்தச் செடி மட்டும் இப்படியா, எல்லாமே இப்படியா? பக்கத்தில் இன்னொன்று. அதில் நிறைய. அப்படியானால் எதை நம்புவது? மூன்றாவது ஒன்று புடுங்கினால்தானே தெரியும்.

புடுங்கியதைத் திரும்பக் குழியில் வைத்து மண்ணை அழுத்தித் தண்ணீரும் ஊற்றிப் பார்த்தேன். மறுநாள் அது தலை தொங்கிக்கொண்டு, நான்தான் செய்தேன் என்று எல்லாருக்கும் காட்டிக் கொடுத்தது.

வீட்டில் யாருக்கும் இது ரகசியம் இல்லை. அம்மா திட்டிவிட்டு, நான் மடியில் கொண்டுவந்த இளங்காயை அவித்து வைப்பாள். தம்பி உட்கார்ந்து தின்றுகொண்டே சொல்வான். "யக்கா, அறுப்புக்கு ஆளே வேணாம். தெனம் இப்பிடி ஒரு சட்டி அவிச்சிக்கினு இருந்தா கார்த்திகைக்குள்ள நெலம் காலி."

பிள்ளைகள் வரப் போகிற நாள் நெருங்க நெருங்க எனக்குப் புடுங்குவது கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு கணக்கு மட்டும் வைத்திருந்தேன். வருகிறவர்கள் ரோட்டுப் பக்கம், பலகைப் பக்கம்தான் நிற்பார்கள். அங்கே ஒரு செடியைத் தொடக் கூடாது. புடுங்குவதெல்லாம் நடுவில், வேப்பமரத்துக்கு அப்பால். சொட்டை அங்கேதான் விழுந்தது. ஒரு கட்டில் போடலாம், அவ்வளவு இடம்.

அந்த நாள் புரட்டாசி கடைசியில் வந்தது. மேகம் வேறு கட்டிக்கொண்டு நின்றது. மழை வந்தால் யாரும் வர மாட்டார்களே என்று பயம், வெயில் வந்தால் எல்லாரும் வந்துவிடுவார்களே என்று பயம். ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் ஒரு கூட்டம், மற்றவர்கள் பஸ்ஸில். எல்லாம் வெளுத்த சட்டை போட்ட பையன்கள். ஒரே ஒரு பெண், அண்ணன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தாள். அப்பாவை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். கிழக்கு நிலத்துக்காரரும் வந்து கைகட்டிக்கொண்டு நின்றார்.

தம்பியைப் பேசச் சொன்னார் சார். நாட்டுக்கு விவசாயம் முதுகெலும்பு என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை. பையன்களில் ஒருவன் மெதுவாக, "முதுகெலும்ப வுடுப்பா. நீ இங்கயே இருக்கப் போறியா, அத சொல்லு" என்றான். தம்பி என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். சிரித்து மழுப்பினான். இவன் போகத்தான் போகிறான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சார் பேச்சை மாற்ற, புது ரகத்தின் காய்ப்பைக் காட்டுகிறேன் என்றார். நான் பலகைப் பக்கத்துச் செடியைக் காட்டினேன். அவர் கேட்கவில்லை. ஓரத்தில் காட்டினால் ஏமாற்றுகிறோம் என்று நினைப்பார்கள், நடுவில் யாராவது நீங்களே போய் உங்களுக்குப் பிடித்த செடியைப் புடுங்கி வாருங்கள் என்றார். முதுகெலும்பைப் பற்றிக் கேட்ட அதே பையன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். வேப்பமரத்தைத் தாண்டினான். நின்றான்.

"சார், இங்க ஒண்ணுமே இல்ல சார். எலி வேல மாதிரி தெரியுது."

சார் ஓடினார். எல்லாரும் ஓடினார்கள். குனிந்து வளை தேடினார்கள். வளை எங்கே இருக்கும்? கிழக்கு நிலத்துக்காரர், எலிக்கு மருந்து வைக்கக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லை பாருங்கள் என்கிற மாதிரி அப்பாவிடம் தலையை ஆட்டினார். நான் மண்ணோடு மண்ணாக நின்றேன்.

தம்பி சொன்னான். "எலி இல்ல சார். எங்க அக்கா."

சிரித்தார்கள். சார்கூடச் சிரித்துவிட்டார். எவனோ பின்னாலிருந்து, அந்த எலிக்கு எந்த மருந்து சார் போடறது என்றான். எனக்கு அழுகை வரவில்லை, இந்தச் சத்தத்தில் அப்பாவுக்கு இழுப்பு வந்துவிடுமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிளில் வந்த பெண் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் வந்தாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இவ்ளோ பயந்துகினு எதுக்குக்கா இத செய்யறீங்க? வேற எதனா செய்யலாம் இல்ல?"

எல்லாரும் பதிலுக்கு நின்றார்கள். சாருக்கு அங்கே சொல்ல வேண்டிய வாசகங்கள் எத்தனையோ இருந்திருக்கும். என் மனசில் அப்போது இருந்தது ஒன்றுதான், அது வாயில் வந்துவிட்டது.

"கார்த்திகைக்கு மேல இது குத்தகைக்குப் போவுது. அப்புறம் நான் வரப்புல நின்னுதான் பாக்கணும். பயமா இருந்தாலும் ஒரு செடிய புடுங்கிப் பாக்க முடியாது."

அப்பா நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். எழுந்திருக்கப் போகிறாரோ என்று ஓடினேன். தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான்.

டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அந்தப் பையன்களில் யார் நிலத்தில் நின்றார்கள், யார் பஸ் ஏறினார்கள், எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணை நினைத்துப் பல நாள் தூக்கம் கெட்டது. என் பதிலைக் கேட்டு, ஐயோ இந்த வேலையே வேண்டாம் என்று போய்விட்டாளோ? சார் இவ்வளவு பாடுபட்டுத் திரட்டிய கூட்டத்தில் ஒருத்தியை நான் விரட்டிவிட்டேனோ? வேறு மாதிரி, தைரியமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் படுத்தால் விதவிதமாக நல்ல பதில்கள் தோன்றுகின்றன.

மழைக்கு முந்திக்கொண்டு மல்லாட்டை புடுங்கினோம். சொட்டை போக மிச்சமெல்லாம் நல்ல காய்ப்பு. மூட்டையைத் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு விற்க வண்டி ஏற்றிய மறுவாரம் தம்பியை விழுப்புரத்தில் ரயில் ஏற்றிவிட்டோம். திண்டிவனத்திலேயே ஏறலாம். கடைத்தெருவில் அவனுக்கு ஒரு பேண்ட் எடுக்க வேண்டும் என்று அம்மாதான் விழுப்புரம் இழுத்துக்கொண்டு போனாள். ரயில் நகரும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். இவனை நிறுத்தவா அத்தனை மீன் போட்டோம் என்று இருந்தது.

அன்று சாயங்காலமே கிழக்கு நிலத்துக்காரர் வந்தார். இழுப்பை விசாரித்தார். நான் மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். குத்தகைப் பேச்சை எடுத்தார். அப்பா ரொம்ப நேரம் மூச்சு வாங்கினார். அது இழுப்பா, யோசனையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கேப்பைக்கு எப்ப நாத்து வுடப் போற?"

விடலாமா என்று கேட்கவில்லை. விடப் போற என்றார். நான் வாயில் வந்த ஏதோ ஒரு நாளைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். கிழக்கு நிலத்துக்காரர் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். போகும்போது கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை.

நான் குதித்திருக்க வேண்டும். எனக்கோ அந்தக் கணத்திலேயே புதுப் பயம் ஆரம்பித்துவிட்டது. சொன்ன நாளில் மழை பிடித்துக்கொண்டால்? நாற்று அழுகினால்? மோட்டாருக்குக் கரண்ட் வராவிட்டால்? இனி யார் மேல் பழி போடுவது?

பலகை மட்டும் தம்பி பெயரோடு ரோட்டோரம் நின்றது. அடுத்த ஆடியில் மறுபடி மல்லாட்டை விதைத்தபோது சார் வந்து பெயரை மாற்றி எழுதச் சொல்லவா என்றார். எனக்குச் சம்மதமில்லை. பெயரைப் போட்டு, பயிர் பொய்த்துப் போனால் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் படிப்பார்களே என்றேன். அவர் அணைக்காத மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த ஐப்பசியில் தம்பி தீபாவளிக்கு வந்தான். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவன் நேராக நிலத்துக்குள் நடந்து, ஒரு செடியைப் புடுங்கி, காயை உடைத்துப் பார்த்தான்.

"இன்னும் ஒரு வாரம் போவணும்க்கா."

அவன் சொன்னது சரிதான் என்று எனக்கும் தெரியும். அவன் வீட்டுப் பக்கம் திரும்பியதும் பக்கத்தில் இன்னொன்றைப் புடுங்கிப் பார்த்தேன்.