முன் கூடத்து விருந்தாளி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டார். சிராங்கூன் சாலையில் நாங்கள் குடியிருந்த அந்த நீள வீட்டிலிருந்து மூன்று நாளில் கிளம்பிப் போன விருந்தாளி என்று ஒருவரைக்கூட எனக்கு நினைவில்லை.

அப்பா அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, உத்தியோகத்தில் அமர்ந்து, பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டவர். இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. ஊரில் கொஞ்சம் வசதியுள்ளவர்களுக்கு அப்போது ஒரு புது ஆசை பிடித்திருந்தது. பினாங்கில் வெள்ளைக்காரர் கோட்டை, மலாக்காவில் ஒல்லாந்தர் கட்டிய சிவப்புக் கட்டடம், போர்த்துக்கேயர் விட்டுப்போன இடிந்த கோயில், சிங்கப்பூரில் துறைமுகமும் திடலும் பூமலை என்கிற பூந்தோட்டமும். இவற்றையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ப் பேசவேண்டும். சரி, பார்க்கட்டும். தங்குவது எங்கே? ஓட்டலில் தங்கினால் ஆசாரம் போகும், சத்திரத்தில் தங்கினால் மானம் போகும். ஆகையால் யாராவது ஒரு கிளாக்கர் வீட்டில் போய் இறங்கவேண்டியது. அந்தக் கிளாக்கருக்குப் பெரும்பாலும் அப்பாவின் முகம்தான் இருந்தது.

வந்தவர்கள் இருக்கட்டும், சாப்பிடட்டும். அதற்கு நான் கோபப்படவில்லை. என் கோபம் அந்த வீட்டின் அமைப்பையும் எங்கள் ஆட்களின் வழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

எங்களுடையது கடைவீடு. அகலம் கொஞ்சம், நீளம் அதிகம். தெருப்பக்கம் அஞ்சடி நடைபாதை, அதை ஒட்டி முன் கூடம், பிறகு ஒரு திரைச்சீலை, அதற்குப் பின்னால் எங்கள் அறை, முற்றம், அடுப்படி. அதோடு சுவர். சுவருக்கு அப்பால் எருமைக் கொட்டகை. வெளியே போக ஒரே வாசல், அது முன் கூடத்து வாசல். விருந்தாளி தங்குவதும் அதே முன் கூடத்தில்.

வழக்கம் என்னவென்றால், கலியாணமாகாத ஆண் ஒருவர் வீட்டில் விருந்தாளியாக இருக்கும்வரை சாமத்தியப்பட்ட, அதாவது வயதுக்கு வந்த, பெண்பிள்ளை அவர் கண்ணில் படக்கூடாது. பட்டால், 'பெண்ணைக் காட்டி மாப்பிள்ளை பிடிக்கிறார்கள்' என்று ஆட்கள் பேசுவார்கள். அப்படிப் பேசக்கூடியவர்கள் சிங்கப்பூர் முழுக்க இருந்தது ஒரு சில குடும்பங்கள். அந்த ஒரு சில குடும்பங்களுக்குப் பயந்து நான் திரைச்சீலைக்குப் பின்னால் கிடந்தேன். மணமான விருந்தாளிகள் வந்தால் எனக்குப் பள்ளிக்கூடம் உண்டு. பிரமச்சாரி வந்தால் இல்லை.

அப்படி ஒரு வருஷக் கடைசியில் வந்தவர் பிரமச்சாரி. ஊரில் படித்த பெரிய இடத்துப் பிள்ளை, வக்கீல் வேலைக்குப் பயில்கிறவர், பத்திரிகையில் எழுதுகிறவர். பினாங்கைப் பார்த்து முடித்துவிட்டுக் கப்பலில் வந்து இறங்கினார். சிங்கப்பூரைப் பார்த்துவிட்டு மலாக்காவுக்குப் போவதாகத் திட்டம். "நாலைஞ்சு நாள்தான், ஐயா" என்றார். அம்மாவின் இடியப்பமும் சொதியும் உள்ளே போன மறுநாளே அந்த நாலைந்து நாள் மறந்துபோயிற்று. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பது இதுதான்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வருஷ முடிவுச் சோதனை வரவிருந்தது. அதில் நன்றாகத் தேறினால் கீழ் வகுப்புகளுக்குப் படிப்பிக்க என்னை எடுத்துக்கொள்வதாகத் தலைமை ஆசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். தவறினால் என்னவென்றும் எனக்குத் தெரியும். அடுத்த தைக்குள் ஊருக்குக் கப்பலேற்றி, யாரென்றே தெரியாத ஒருவருக்குக் கட்டிக்கொடுப்பதாக வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தச் சோதனை ஒன்றுதான் என் கையில் இருந்தது.

தினமும் காலையில் பெண்பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் பள்ளிக்கூட மாட்டு வண்டி எங்கள் வாசலில் வந்து நிற்கும். வண்டிக்காரர் மணியை ஆட்டுவார். நான் உள்ளே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். முன் கூடத்தில் அந்த மனிதர் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார். வண்டி போய் வெகுநேரம் கழித்துத்தான் ரிக்‌ஷா ஏறி ஊர் பார்க்கக் கிளம்புவார். வெயில் ஏறியதும் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார். பிறகு தூக்கம். இப்படிப் பார்த்தால் ஊர் எப்போது முடிவது?

ஒருநாள் அவரே கேட்டார். "இந்த வண்டி ஏன் ஒவ்வொரு நாளும் இங்கை வந்து நிக்குது?"

"வண்டிக்காரனுக்கு வீடு பிழைச்சுப்போச்சு, தம்பி" என்றார் அப்பா.

தினமும் ஒரே வீட்டு வாசலில் ஒருவனுக்கு வீடு தவறுமா என்று அந்தப் படித்த மனிதர் யோசிக்கவில்லை. இன்னொரு இடியப்பம் கேட்டார்.

நான் அம்மாவிடம் சண்டை போட்டேன். "ஒரு சொல்லு சொன்னால் என்னம்மா? சோதனை இருக்கு, கொஞ்சம் தள்ளி இருங்கோ எண்டு?"

"விருந்தாய் வந்தவரிட்டை அப்பிடிச் சொல்லேலுமோ? போ எண்டு சொன்ன மாதிரி இருக்கும். பேசாமல் இரு."

சாயங்காலம் நடந்ததுதான் என்னை எரித்தது. அப்பாவின் சிநேகிதர்கள் நாலு பேர் வந்து கூடத்தில் உட்காருவார்கள். விருந்தாளி பிரசங்கம் தொடங்குவார். எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? பெண் கல்வியைப் பற்றி! பெண்களைப் படிப்பிக்காத சமூகம் உருப்படாது என்பார். வெள்ளைக்காரர் முன்னேறியதற்கு அவர்கள் வீட்டுப் பெண்களின் படிப்பே காரணம் என்பார். சிநேகிதர்கள் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார்கள். எல்லாரையும்விட அதிகமாக ஆட்டியவர் அப்பா. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், விளக்கு வெளிச்சம்கூடச் சரியாக வராத மூலையில், நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்கடி உபதேசம், உனக்கில்லையடி கண்ணே என்பதை நான் பாடத்தில் படிக்கவில்லை, எங்கள் கூடத்தில் படித்தேன்.

சோதனை நாள் வந்தது. விடியும்போதே குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். வாசலில் வண்டி மணி கேட்டது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நடந்தேன். கூடம் அன்றைக்குப் போல நீளமாக என்றைக்கும் இருந்ததில்லை. விருந்தாளி காப்பிக் கோப்பையோடு நிமிர்ந்து பார்த்தார். அப்பாவின் முகம் வெளிறிப்போயிற்று.

"இவ ஆர், ஐயா?" என்று அவர் கேட்டது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

அப்பா சொன்னார், "அடுத்த வீட்டுப் பிள்ளை. வீட்டுக்காரியிட்டை ஏதோ வாங்க வந்தது."

நான் திரும்பவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். அடுத்த வீட்டில் இருந்தது நாகூரிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு வியாபாரியோடு இதே விருந்தாளி தினமும் அஞ்சடியில் நின்று பேசுவார். என் நெற்றியிலோ அத்தனை திருநீறு. ஊரெல்லாம் கண்டு எழுத வந்த மனிதருக்கு அதுகூடக் கண்ணில் படவில்லை. அவரை விடுங்கள், அவர் அந்நியர். என்னைப் பெற்றவருக்கு நாக்கு எப்படி வந்தது?

அந்தக் கோபத்திலேயே சோதனையை எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

மத்தியானம் வண்டி என்னைக் கொண்டுவந்து இறக்கியபோது விருந்தாளி அஞ்சடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். இதற்கென்றே அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு பின்னால் நின்ற அப்பா கண்ணால் ஜாடை காட்டினார், உள்ளே வராதே, அடுத்த வீட்டுக்குப் போ என்று. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எங்கள் வீட்டில் என்ன வேலை? ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார், இனி அதற்கு நான் குடிபோகவேண்டும். போனேன்.

அந்த வீட்டு மாமி விஷயத்தைக் கேட்டதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது. "பெத்த புள்ளைய இல்லைன்னு சொல்ல வாய் கூசாதா? அந்த ஆளு போற வரைக்கும் நீ இங்கயே இரும்மா" என்றார். எனக்கென்று புதுச் சட்டி வாங்கிவந்து அதில் தனியாகச் சோறும் பருப்பும் ஆக்கிப் போட்டார். எங்கள் வீட்டு ஆசாரத்துக்கு என் வீட்டாரைவிட அவர்தான் மரியாதை கொடுத்தார். அம்மா இரண்டு முற்றங்களுக்கும் நடுச்சுவருக்கு மேலாக என் துணிகளை எறிந்துவிட்டுப் போய்விடுவாள். என் வீட்டுச் சத்தமெல்லாம் எனக்குக் கேட்கும். உள்ளே போகத்தான் முடியாது.

இதில் இன்னொரு கொடுமை. விருந்தாளி அப்பாவுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார். "பாருங்கோ ஐயா, அடுத்த வீட்டுக்காரர் தன்ர பிள்ளையைப் படிப்பிக்கிறார். எங்கட ஆக்களும் அவரைப் பாத்துப் படிக்கவேணும்" என்று சத்தமாகச் சொன்னார். அப்பா "ஓம் தம்பி" என்றார். அந்தச் சுவரை இடித்துவிட்டுப் போய் இருவரையும் ஒரு பிடி பிடிக்கலாமா என்று இருந்தது எனக்கு.

ஒரு சனிக்கிழமை தலைமை ஆசிரியை வந்தார். பல வருஷம் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி, தமிழ் நன்றாகப் பேசுவார். ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி நேரே எங்கள் வீட்டுக்குள் போனார். மாமியின் வீட்டு ஜன்னல் பலகைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்கமுடியாமல் இறங்கி, அஞ்சடித் தூணோரம் போய் நின்றேன். கூடம் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

"உங்கள் மகள் மிக நன்றாகத் தேறியிருக்கிறாள். தை மாதத்திலிருந்து முதல் வகுப்புக்குப் படிப்பிக்க அவளை எடுக்க விரும்புகிறேன். தகப்பனார் சம்மதம் சொல்லவேண்டும். நீங்கள் இல்லை என்று சொன்னால் அந்த இடத்துக்கு வேறு பிள்ளை காத்திருக்கிறாள்" என்றார் ஆசிரியை.

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். விருந்தாளியைப் பார்த்தார். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் போதும். 'என் மகள்' என்ற ஒரு சொல்.

அதற்குள் விருந்தாளி உதவிக்கு வந்துவிட்டார். "அம்மா, நீங்கள் தேடுறது அடுத்த வீட்டுப் பிள்ளை. இந்த வீட்டிலை அப்பிடி ஒருத்தரும் இல்லை."

அப்பா மறுக்கவில்லை. ஆசிரியை குழம்பிப்போய் எழுந்தார். "மன்னிக்கவேண்டும், வீடு தவறி வந்துவிட்டேன் போலிருக்கிறது" என்று குடையை எடுத்துக்கொண்டார்.

அப்போது திரைச்சீலை விலகியது. அம்மா வெளியே வந்தாள். அந்நிய ஆண்கள் இருக்கும்போது அம்மா முன் கூடத்துக்கு வந்து நான் பார்த்ததே கிடையாது. கையில் மாவு ஒட்டியிருந்தது.

"அவள் என்ர பிள்ளை" என்றாள். "இந்த வீட்டுப் பிள்ளை. நீங்கள் இதிலை இருக்கிறதாலைதான் அடுத்த வீட்டிலை கிடக்கிறாள், தம்பி." பிறகு ஆசிரியை பக்கம் திரும்பினாள். "அம்மா, அவள் படிப்பிக்கட்டும். எனக்குச் சம்மதம்."

அம்மா நிறுத்தாமல் முழுவதும் சொல்லி முடித்தாள். ஆசிரியை அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்த தலை நிமிராமல் ஆம் என்பதுபோல் ஆட்டினார்.

விருந்தாளி பதறி எழுந்தார். "எனக்கு ஒண்டும் தெரியாதே! ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அண்டைக்கே போயிருப்பனே!" என்றார். நல்லவர்தான், உண்மையாகவே போயிருப்பார். ஆனால் அத்தனை நாள் சாப்பிட்ட வீட்டில் பெண்பிள்ளை இருக்கிறாளா, அவள் எந்த வழியாக வெளியே போகிறாள் என்று ஒரு தரம் கேட்கவும் தோன்றவில்லையே! மறுநாளே மலாக்காக் கப்பலுக்குக் கிளம்பினார். அங்கே அவர் தங்கப்போனதும் ஒரு கிளாக்கர் வீட்டில்தான். அந்த வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது.

தையில் நான் படிப்பிக்கப் போனேன். அதன் பிறகு எந்த விருந்தாளி வந்தாலும், பிரமச்சாரியோ கிழவரோ, கூடத்தின் நடுவாக நடந்துதான் போனேன். ஊருக்குக் கப்பலேற்றும் பேச்சும் நின்றது.

அப்பாவுக்கு நாளாக நாளாகப் பெருமை தாங்கவில்லை. கோயிலில், காரியாலயத்தில், கடையில், கண்டவரிடமெல்லாம் "என்ர மகள் டீச்சர்" என்று சொல்லுவார். அவர்களும் என்னைப் பார்த்தால் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். அவர் அப்படிச் சொல்ல நான் ஆசைப்பட்டதெல்லாம் அந்தச் சனிக்கிழமை ஒன்றில்தான். அன்றைக்கு அவர் சொல்லவில்லை.