மதிலுக்கு மேலால் வந்தவை

நேற்றுக் கல்முனைச் சந்தையில் ஒரு பழக்கடைக்காரர், தெருவின் அந்தப் பக்கம் நின்ற கூட்டாளிக்கு ஒரு தோடம்பழத்தை எறிந்தார். ஓட்டோக்களுக்கு மேலால் அது ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, வளைந்து இறங்கி அவர் கைக்குள் விழுந்தது. நான் அண்ணாந்தபடி நின்றுவிட்டேன். "உம்மா, கொஞ்சம் விலகுங்க" என்று பின்னால் யாரோ சொன்ன பிறகுதான் நடந்தேன்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நானும் எனக்கு மூத்தவளான என் ராத்தாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் கதைத்துக்கொண்டோம்.

வாப்பா எங்கள் இருவருக்கும் ஒரே வளவில் அடுத்தடுத்து வீடு கட்டித் தந்திருந்தார். எல்லைத் தகராறில் என் கணவரும் ராத்தாவின் கணவரும் சண்டைபிடித்து, நடுவில் ஆளுயரத்துக்கு மேல் மதில் எழுப்பினார்கள். போகக்கூடாது, பேசக்கூடாது. எறியக்கூடாது என்று சொல்ல மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் வந்தது ஒரு தேசிக்காய். எடுத்து முகர்ந்தேன், எலுமிச்சை மணம்; ராத்தா வீட்டு மண் அதில் ஒட்டியிருந்தது. பிறகு துணியில் முடிந்த கறிவேப்பிலை, பெருநாளைக்கு மஸ்கட் இனிப்பு. எனக்கோ எறியவே தெரியாது. நான் அனுப்பிய முதல் சீனிப் பொட்டலம் நேரே அவள் கிணற்றில் விழுந்தது. தாழ்வாக எறிந்தால் தகரக் கூரையில் பட்டு ராத்தாவின் கணவர், மச்சானுக்குக் கேட்கும். நேர் மேலே எறிந்தால் என் தலையிலேயே விழும். நடுவில் உள்ள அந்தச் சாய்வு கைக்குப் பிடிபட நாளெடுத்தது.

எறியும் கையை நான் பார்த்ததில்லை. மதிலுக்கு மேல் எழும் பொருளைத்தான் பார்ப்பேன். உயர வந்தால் ராத்தாவின் மனம் நன்றாக இருக்கிறது. மதிலை உரசிக்கொண்டு வந்தால் களைத்திருக்கிறாள்.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு முற்றத்துக்கு வந்தேன். அந்தப் பக்கம் தொப்பென்று சத்தம் கேட்டது. ஒன்றும் வரவில்லை. மறுபடியும் சத்தம். அடுத்த முறை மதில் விளிம்பில் ஒரு துணி முடிச்சு தலைகாட்டி, அவள் பக்கமே திரும்ப விழுந்தது.

முக்காட்டை இழுத்துக்கொண்டு றோட்டால் போனேன். வாசலில் இருந்த என் கணவர், "எங்க போறாய்?" என்றார்.

"ராத்தாக்கு ஏலாம இரிக்கி."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

மச்சான் வயலுக்குப் போயிருந்தார். ராத்தா மதிலோடு சாய்ந்து மண்ணில் இருந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பக்கத்தில் கிடந்த முடிச்சுக்குள் ஒரு கல் மட்டும். என்னைக் கூப்பிடத்தான் எறிந்திருக்கிறாள்.

"கை ஏலாது கா," என்றாள். "ஒனக்கு எட்டல்ல."

"எட்டிட்டு ராத்தா," என்றேன்.

ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். மச்சான் ஓடி வந்தபோது என் கணவரும் அங்கே நின்றார். இருவரும் முகம் பார்க்கவில்லை. ஆனால் ராத்தா சுகமாகி வந்த கிழமை, இருவருமாகவே மதிலை உடைத்து ஒரு கதவு வைத்தார்கள்.

அந்தக் கதவால் பல வருடம் போய்வந்தோம். என் கணவர் மவுத்தாகி மண்ணுக்குள் போனார், பிறகு மச்சானும். ராத்தாவை அவள் மகன் அவுஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனான். வீட்டை வாங்கியவர்கள் கதவைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அதில் பிழை சொல்ல ஏலாது; அவர்களுக்கு நான் யார்?

போன வெள்ளிக்கிழமை ராத்தா போனில் சொன்னாள்: "இஞ்ச பக்கத்து ஊட்டில ஆர் இரிக்காங்க எண்டே தெரியா கா."

எனக்கும் தெரியாது. பகலில் மதிலுக்கு அந்தப் பக்கம் டீவி கேட்கும். ஒரு பிள்ளை சிரிக்கும். அதன் பெயரை நான் இன்னும் கேட்கவில்லை.