ஒன்பது வெயில் காயாத கார்டு

செல்லக்கிளிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வடக்குத்து ஊரில் எல்லாரும் சொல்வார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட, அந்தக் கோபம் ஏன் வந்தது என்று அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். சொல்வதற்கு அவள் கூச்சப்பட்டவளே இல்லை.

அவள் பிறந்தது காடாம்புலியூர். பத்து வயதிலேயே முந்திரிக்கொட்டை வறுக்கிற இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். கொட்டையை வறுத்து உடைக்கும்போது தோலிலிருந்து ஓர் எண்ணெய் வடியும். பட்ட இடம் கொப்பளிக்கும், உரியும், கறுத்துப் போகும். சாம்பலைத் தடவிக்கொண்டுதான் பெண்கள் உடைப்பார்கள். செல்லக்கிளியின் கை நாலைந்து வருஷம் கொப்பளித்துப் பார்த்தது, பிறகு அதற்கே அலுத்துப்போய் விட்டுவிட்டது. உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி ஆனது. தணலைக் கட்டைவிரலில் வைத்தாலும் கொஞ்சம் யோசித்த பிறகுதான் அவளுக்குச் சுடும்.

அந்த எண்ணெயைக் கொதிக்க வைத்து விளக்குக் கரியைப் போட்டுக் குழைத்தால் மை. மூட்டைகளில் வியாபாரிகளின் மார்க்கா குத்துவதற்கு அந்த மைதான். மழையில் நனைந்தாலும் போகாது. மார்க்காவைக் கட்டையில் வெட்டுகிற ஆள் ஒருநாள் வரவில்லை. முதலாளி குதித்தான். செல்லக்கிளி உளியை எடுத்து வெட்டிக் கொடுத்தாள், அந்த ஆள் வெட்டியதைவிடச் சுத்தமாக. மறுநாளிலிருந்து அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. கூலி மட்டும் பழைய கூலிதான்.

பாவாடை என்கிறவனைக் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த இரண்டாம் வருஷமே அவர்கள் குடிசை இருந்த இடம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. நிலம் இருந்தவர்களாவது நிலம் போச்சு என்று அழலாம். இவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. வடக்குத்தில் ஒரு கூரையைப் போட்டுக்கொண்டு, பாவாடை மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். கரி கொண்டுபோகிற ரப்பர் பெல்ட்டைத் துடைப்பது, அறுந்தால் இழுத்துப் பிடிப்பது. செல்லக்கிளி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்தாள். இருவர் வாயிலும் அப்போது ஓயாமல் வந்த சொல் 'பெர்மனென்ட்'. அவன் அதைச் சொல்லும்போது பெருமூச்சு வரும், அவள் சொல்லும்போது பல்லைக் கடிப்பாள்.

அவள் வேலை செய்த வீட்டம்மா காந்திமதி. புருஷன் ஆபீசர். அந்த பிளாக்கின் மாதர் சங்கத்துக்குக் காந்திமதி செயலாளர். ஒருமுறை வெளுக்கப் போட்ட தலையணை உறைகள் வேறு வீட்டு உறைகளோடு கலந்துபோய்ப் பெரிய ரகளையானது. செல்லக்கிளி சும்மா இருந்திருக்கலாம். பாவாடை கொண்டுவந்த பெல்ட் துண்டு ஒன்றில், கூர்தீட்டிய குடைக்கம்பியால் ஒரு பூவை வெட்டி, ஒவ்வொரு உறையின் மூலையிலும் குத்திக் கொடுத்தாள். அந்தப் பூவை விரலால் தடவிப் பார்த்த காந்திமதியின் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. செல்லக்கிளி அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

அறுபத்து நாலாம் வருஷம் டிசம்பர் பிறந்ததும் காந்திமதி ஓர் இங்கிலீஷ் கிறிஸ்துமஸ் கார்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்த மாதிரி நூத்தியிருபது கார்டு வேணும் செல்லக்கிளி. சுரங்க வேலைக்கு வந்திருக்கிற ஜெர்மன்காரங்க வீடு, நம்ம கிறிஸ்தவக் குடும்பங்க எல்லாத்துக்கும் சங்கம் குடுக்கப் போகுது. நம்ம கையால செஞ்சதா இருக்கணும்னு தலைவியம்மா ஆசைப்படறாங்க."

"எனக்குன்னு என்னாங்கம்மா வரும் இதுல?"

"பொங்கலுக்கு அப்புறம் சங்கத்துல கைத்தொழில் வகுப்பு ஆரம்பிக்கிறோம். சொல்லிக் குடுக்க ஆள் வேணும். கார்டு நல்லா வந்துச்சுன்னா உன் பேரைத்தான் சொல்லப் போறேன். மாசச் சம்பளம். பெர்மனென்ட்."

செல்லக்கிளி அன்று மீதிப் பாத்திரத்தைத் தேய்த்த வேகத்தில் ஒரு டம்ளர் நசுங்கியது.

இங்கிலீஷ் கார்டில் இருந்த மரத்தை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பனி என்றால் மார்கழிப் பனிதான் தெரியும். மரம் சவுக்கு மாதிரி இருந்தது, சவுக்கையே வெட்டினாள். ஒரு நட்சத்திரம் வெட்டினாள். மாட்டுக் கொட்டகையில் குழந்தை பிறந்த கதையைக் காந்திமதி சொல்லியிருந்தாள். கொட்டகையில் பிறந்த பிள்ளையை எதில் போடுவார்கள்? தூளியில்தான். கொட்டகை விட்டத்தில் ஒரு தூளியைக் கட்டி, அதிலிருந்து ஒரு சின்னக் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது போல வெட்டினாள். அந்தக் கால் விரலுக்கே ஒரு நாள் பிடித்தது.

ஆபீஸில் முத்திரை குத்துகிற மை ஊதாவாக இருந்தது, பனி ஈரத்தில் கலைந்தது. காந்திமதிக்கு அட்டக் கறுப்பு வேண்டும், கலையவும் கூடாது. அப்படியென்றால் மூட்டை மைதான். செல்லக்கிளி காடாம்புலியூர் போய் எண்ணெய் வாங்கிவந்து காய்ச்சினாள். அச்சை மையில் முக்கக் கூடாது. பழைய வேட்டித் துணியை மடித்து மெத்தை மாதிரிச் செய்து, அதில் மையை ஊறவிட்டு, அச்சின் மேல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அட்டையில் வைத்துவிட்டால் அசைக்கக் கூடாது. உள்ளங்கை அடியால் ஒரே அழுத்து, நேராகத் தூக்கு. முதலில் குத்துவது கறுப்பாக விழும். திரும்ப மை ஒற்றாமல் அதே அச்சைப் பக்கத்தில் இன்னொரு முறை குத்தினால் மங்கலாக விழும், பார்த்தால் தூரத்தில் நிற்கிற மரம். மூன்றாம் குத்து இன்னும் மங்கல், இன்னும் தூரம். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. மூட்டையில் மை குறைந்தபோது முதலாளியிடம் திட்டு வாங்கிக் கண்டுபிடித்தது.

நட்சத்திரத்துக்கு ஆபீஸ் சிவப்பு மை. மூன்று அச்சும் முடிந்தபோது காந்திமதி ஒரு துண்டுக் காகிதத்தில் இங்கிலீஷ் எழுத்தில் எதையோ எழுதித் தந்தாள். "இதையும் ஒரு அச்சா வெட்டு. பின்பக்கம் குத்தணும்." பண்டிகை வாழ்த்தாக இருக்கும் என்று நினைத்து, எழுத்தின் வளைவு மாறாமல் வெட்டி, நூற்றிருபதிலும் குத்தினாள்.

இந்த மை நிழலில் காயாது. ஒன்பது வெயில் பட வேண்டும். மேகம் மூடின நாள் கணக்கில் சேராது. நாலாவது வெயிலன்று காந்திமதி வந்துவிட்டாள்.

"இன்னும் அஞ்சு வெயில் காயணுங்கம்மா."

"நாளைக்கு டீ பார்ட்டி. கமிட்டி அம்மாங்க உக்காந்து கவர்ல போடணும். ஒட்டுதா பாரு."

செல்லக்கிளி கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ஒட்டவில்லை. எரியவும் இல்லை.

"ஒட்டல. ஆனா காஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டன்."

"ஒட்டலைன்னா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லிக் காந்திமதி கட்டிக் கொண்டுபோனாள். அவசரத்தில் முப்பது கார்டுக் கட்டு ஒன்று கூரையிலேயே தங்கிவிட்டது.

டீ பார்ட்டியில் செல்லக்கிளிக்குத் தட்டு ஏந்துகிற வேலை. கமிட்டி அம்மாக்கள் ஆறு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கார்டுகளைக் கவரில் நுழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜெர்மன்கார அம்மா தூளிக் காலைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள். சங்கத் தலைவி பெரியநாயகி அம்மாள் ஒரு கார்டைத் திருப்பி, பின்பக்கத்தை உரக்க வாசித்து, தமிழிலும் சொன்னார்: "கைவேலை, திருமதி காந்திமதி! நம்ம செயலாளருக்கு எல்லாரும் கைதட்டுங்க!"

கைதட்டினார்கள். காந்திமதி எழுந்து நின்று தலையைத் தாழ்த்திக் கும்பிட்டாள். செல்லக்கிளி கையில் தட்டு இருந்தது. அந்தத் தட்டை அவள் எப்படி விசிறியடிக்காமல் இருந்தாள் என்பது அவளுக்கே கடைசிவரை புரியவில்லை. அவள் பேரைக் களவாடினது பெரிதில்லை. களவாடுகிறதற்கான அச்சையும் அவளையே வெட்ட வைத்தாளே, அதை நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

பார்ட்டி முடிந்த நாலாம் நாள் காந்திமதியே வடக்குத்துக்கு ஓடிவந்தாள். விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

"சங்கத்துக்கு வா. ஆறு பேருக்கும் கை வெந்துபோச்சு. ஜெர்மன்காரம்மாவுக்கும்தான். நீதான் பண்ணேன்னு வந்து சொல்லு."

"அன்னைக்குக் கைதட்டுனாங்களே, அப்ப ஏன் கூப்புடல என்னை?"

"இப்ப அதைப் பேசற நேரமா?"

"வேற எப்பம்மா பேசறது? சோறு தின்ன கூப்புட மாட்டீங்க, எச்சில் எடுக்க மட்டும் பேரு சொல்லிக் கூப்புடுவீங்க!"

பாவாடை அவளைத் தனியே இழுத்துப் போனான். "ஏ புள்ள, பின்னாடி அவுங்க பேருதான இருக்குது? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடு. போவுது விடு."

சங்கத்து அறையில் பெரியநாயகி அம்மாள் வலது கையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லக்கிளியோடு உள்ளே நுழைந்ததுமே காந்திமதி அவள் பக்கம் விரலை நீட்டினாள். "இவதான் மை கலந்தது, இவதான் குத்தினது. எனக்கு ஒண்ணும் தெரியாது."

தலைவி கார்டைத் திருப்பினார். "இங்க உன் பேருல்ல இருக்கு?"

"அது... நான் மேற்பார்வை பார்த்தேன்."

தலைவி செல்லக்கிளி பக்கம் திரும்பினார். நல்ல மனுஷிதான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "பயப்படாத. உன் தலையில பழியைப் போடறாங்களோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நீ பண்ணலைன்னா பண்ணலைன்னு சொல்லு, நான் நம்பறேன். பொங்கலுக்கு அப்புறம் வகுப்புக்கு ஒரு ஆள் வைக்கணும். உன்னையே வச்சுக்கலாம்."

ஒரே ஒரு சொல். 'இல்லை' என்றால் போதும். காந்திமதியின் மானம் அந்த மேஜையிலேயே கப்பலேறும், பெர்மனென்ட் வேலையும் கிடைக்கும். செல்லக்கிளி வாயைத் திறந்தாள். மேஜை மேல் கார்டு விரிந்து கிடந்தது. சவுக்கு மரம், பின்னால் மங்கல் மரம், அதற்கும் பின்னால் இன்னும் மங்கல். தூளியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால். அந்தக் காலை அவள் தன் கையால் வெட்டியிருந்தாள். அதை இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. அந்த நாக்கின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"நான்தாங்க பண்ணன்" என்றாள். "நூத்தியிருபதும் நான்தான். அந்த அம்மா ஒண்ணுகூடக் குத்தல. இந்தத் தூரத்து மரம் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க அவுங்கள."

தலைவி காந்திமதியைப் பார்த்தார். "மையில தண்ணி கலந்திருப்பா" என்றாள் காந்திமதி.

"எண்ணெய் மையில தண்ணி எங்கம்மா கலக்கும்?" மூன்று அச்சுகளையும் மடியிலிருந்து எடுத்து வைத்து, மர அச்சை மட்டும் சங்கத்து ஊதா மையில் ஒற்றி, ஒரு காகிதத்தில் மும்முறை குத்திக் காட்டினாள். கிட்ட ஒன்று, எட்ட ஒன்று, அதற்கும் எட்ட ஒன்று.

"ஒன்பது வெயில் காயணும்னு சொன்னன். நாலுலயே தூக்கிகினு வந்துட்டாங்க. எம்மேலயும் தப்பு இருக்குதுங்க. காஞ்சிதான்னு என் கையை வச்சுப் பாத்தன். இது கையா? இதுக்கு எரியற காலமெல்லாம் பூட்டுது. உங்க கை எப்படி இருக்கும்னு எனக்கு ரோசனை வரல." அவள் உள்ளங்கைகளை விரித்து மேஜை மேல் வைத்தாள்.

பெரியநாயகி அம்மாள் அந்தக் கைகளைக் குனிந்து பார்த்தார். பிறகு, "உண்மையைச் சொன்னதுக்குச் சந்தோஷம்மா. ஆனா இனி உன் மையைத் தொட எந்தப் பொம்பளையும் வகுப்புக்கு வர மாட்டா. வேலைக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றார். காந்திமதியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காந்திமதி செயலாளராகவே இருந்தாள். அடுத்த வருஷமும் இருந்தாள்.

"வாயால கெடுத்துகினியே!" என்று பாவாடை தலையில் அடித்துக்கொண்டான்.

"நான் பண்ணலன்னா அதை எவய்யா பண்ணது? சொல்லு!" என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரைக்கு ஏறின. அப்புறம் ஒரு சிமெண்ட் பைக் காகிதத்தை அவன் முன்னால் போட்டாள். "எம் பேரை எழுதுய்யா. பெருசா எழுது."

பாவாடைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியும். எழுதினான். அவள் தன் பேரை உருவமாகப் பார்த்தது அன்றுதான். பெல்ட் துண்டில் அதை வெட்டினாள். கூரையில் தங்கிவிட்ட முப்பது கார்டையும் இறக்கி, மீதி ஐந்து வெயிலையும் ஒழுங்காகக் காட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் காந்திமதியின் பேருக்கு மேலேயே தன் பேரைக் கறுப்பாகக் குத்தினாள். அனுப்ப ஆள் இல்லை. இருந்தாலும் குத்தினாள்.

மறுநாள் காலையில், வெயில் நன்றாக ஏறிய பிறகு, காந்திமதியின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். பொங்கலுக்கென்று வாசல் சுவருக்கு முந்தின நாள்தான் வெள்ளையடித்திருந்தது. ஆபீசர் பெயர்ப் பலகைக்குக் கீழே, மூட்டை மை ஒற்றிய தன் பேர் அச்சை வைத்து, உள்ளங்கை அடியால் ஒரே அழுத்து அழுத்தி, நேராக எடுத்தாள்.

காந்திமதி வெளியே ஓடிவந்தாள். "என்ன பண்றே நீ? பைத்தியமா உனக்கு?"

"என் வேலையில உங்க பேரு இருக்குதில்ல? உங்க வூட்டுல என் பேரு இருக்கட்டும்."

"அழிச்சிடறேன் பாரு!" காந்திமதி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் கையை நீட்டினாள்.

செல்லக்கிளி அச்சைத் துணியில் துடைத்து மடியில் செருகிக்கொண்டாள்.

"தொடாதீங்கம்மா" என்றாள். "இன்னும் ஒன்பது வெயில் காயணும்."