எஸ்தர் பிரித்த குப்பை

செவிலிமேட்டில் புதிதாக உருவான ஒரு தெருவுக்கு எஸ்தர் முதன்முதலாகக் குப்பை வாங்க வந்தபோது, அந்தத் தெருவில் யாரும் எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை. மீந்த சாம்பார் சோறு, குழந்தையின் டயப்பர், சவரப் பிளேடு, உடைந்த பல்பு எல்லாம் ஒரே கேரி பேகில் முடிச்சுப் போட்டுக் கேட்டில் தொங்கும். அவளுடைய பேட்டரி வண்டியில் மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டியும் மக்காத குப்பைக்கு நீலத் தொட்டியும் இருந்தன. பிரித்துத் தரும்படி ஒலிபெருக்கி நாள் முழுக்கக் கத்தியது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எஸ்தருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மூட்டை தூக்கும் வேலையில் இடுப்பு போய் வீட்டோடு கிடந்தார் கணவர் தர்மன். அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. கொடுத்ததை வாங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மற்றவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் குப்பையை உரமாக்கும் உரக்கூடத்தில் அதைப் பிரிக்க உட்காருவதும் அவளேதான். டயப்பரில் ஒட்டிய சோற்றைக் கையால் எடுத்துப் பார்த்தவளுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை. பிறகு ஒருநாள் அந்தந்த வீட்டு வாசலிலேயே குந்திக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து, வீட்டுக்காரர்கள் பார்க்கவே பிரிக்கத் தொடங்கினாள். நாற்றம் தாங்காமல் சிலர் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வாரம் ஏலவார்குழலி வீட்டு வாசலில் ஒரு பிளேடு கையுறையைக் கிழித்துக்கொண்டு விரலில் ஆழமாக இறங்கியது.

கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றிருந்த ஏலவார்குழலி ரத்தத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். "எங்க வீட்டுப் பையா எஸ்தரு?"

"உங்க வீட்டுதுதாம்மா. பரவால்ல. நாளையிலேர்ந்து பிளேட மட்டும் காயிதத்துல சுத்தித் தனியா குடுத்துடுங்க, போதும்."

மறுநாள் பிளேடு மட்டுமல்ல, எல்லாமே தனித்தனியாக வந்தது. ஏலவார்குழலி பக்கத்து வீட்டில் சொன்னாள், பக்கத்து வீடு எதிர்வீட்டில் சொன்னது. கடைசிவரை மசியாதவர் மூலை வீட்டு இளங்கோவன் மட்டும்தான். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நாங்க பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்கறோம். நீங்க அங்க போயி ஒண்ணாதானே கொட்டுவீங்க?" என்றார்.

"ஒருநாள் எங்கூட வந்து பாருங்க சார்."

அவர் உண்மையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னாலேயே வந்தார். உரக்கூடத்தில் வரிசையாக இருந்த தொட்டிகளைப் பார்த்தார். தன் தெருவின் காய்த்தோலும் வாடிய பூவும் கறுப்பு மண்ணாகக் கிடப்பதைக் கையில் அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். நாற்றம் இல்லை. அதன்பிறகு அவர்தான் அந்தத் தெருவிலேயே கண்டிப்பானவர் ஆனார். காய்கறிக்குக் கூடையும் கறிக்கடைக்குத் தூக்குப்பாத்திரமும் எடுத்துப் போனார். யார் கேட்டிலாவது கேரி பேக் தொங்கினால் நின்று கேட்டார்.

இப்படி அந்தத் தெரு வழிக்கு வர மூன்று வருடம் ஆயிற்று. முன்பெல்லாம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் பழைய பெப்சி பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தவர்கள், சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார்கள். எஸ்தர் அதை வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு வண்டியை நகர்த்தினாள்.

பிறகு குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர் மாறினார். ஒரு திங்கட்கிழமை உரக்கூடத்துக்குப் பூட்டு போட்டிருந்தது. வாசலில் லாரி நின்றது. புது மேஸ்திரி ஆனந்தராஜ் கையைக் காட்டினான். "ரெண்டு தொட்டியையும் இதுல கவுத்துடுக்கா."

"ஒண்ணாவா?"

"ஒண்ணாதான். குப்பைமேட்டுல எடை போட்டுத்தான் கம்பெனிக்கு பில்லு. நீ உரம் போட்டுக்கினு இருந்தா எடை எங்கேர்ந்து வரும்? ஆனா தெருவுல தனித்தனியாவே வாங்கு. ஆபீசுக்கு போட்டோ அனுப்பணும்."

எஸ்தர் மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். ஒரு மாதத்தில் திறப்பார்கள் என்று முதலில் சொன்னான். பிறகு கேட்டபோது போனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தான். அதிகம் பேசினால் வேலைக்கு ஆள் நிறைய இருக்குது என்றான்.

தெருவில் சொல்லிவிடலாமா என்று தினமும் நினைத்தாள். சொன்னால் வேலை போகும். அதோடு, பழக்கம் ஒருமுறை விட்டுப்போனால் மறுபடி வராது. மூன்று வருடம் குந்தியது அத்தனையும் போய்விடும். நாளைக்கே கூடம் திறந்தால் இவர்கள் பிரிப்பதை நிறுத்தாமல் இருக்க வேண்டுமே. இந்த இரண்டு காரணங்களில் எது தன் வாயைக் கட்டியது என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஏலவார்குழலி பால் கவர்களைக் கழுவி, வெயிலில் காயவைத்து, ரப்பர் பேண்டு போட்டு அடுக்கிக் கொடுப்பாள். எஸ்தர் சிரித்த முகத்தோடு வாங்குவாள். அரை மணி நேரத்தில் அந்தக் கட்டு மீன்செதிலின் மேல் போய் விழும்.

குடியரசு தினத்தன்று அந்தத் தெருவில் கொடி ஏற்றினார்கள். அப்படியே எஸ்தருக்குச் சால்வை போடுவது என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவாகியிருந்தது. இளங்கோவன் மைக்கில் பேசினார். தான் முதலில் நம்பாததையும், ஸ்கூட்டரில் போய்ப் பார்த்ததையும் சொல்லி, "நம்ம தெருவுல இருந்து போற குப்பை இப்ப யாரோ ஒருத்தர் வயல்ல உரமா கெடக்குது" என்றார். கைதட்டினார்கள். தோளில் விழுந்த சால்வையை எஸ்தர் எடுத்து மடித்தாள்.

"எனக்கு இது வேணாம் சார்" என்றாள். "உரக்கூடம் பூட்டி எட்டு மாசம் ஆவுது. நீங்க குடுக்கறது எல்லாம் ஒண்ணாதான் லாரியில போவுது. கேட்டுப் பாத்தேன். நான் ஒருத்தி கேட்டா நடக்கல. நீங்க எல்லாரும் வந்து கேட்டா தெறப்பாங்க."

இளங்கோவன் மைக்கைக் கீழே வைத்தார். "எட்டு மாசமா தெரியுமா உனக்கு?"

அவளை அவர் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"தெரியும் சார்."

"தெனமும் சிரிச்சிக்கினு வாங்கினியே."

 எல்லாரும் சேர்ந்து புறப்படுவார்கள், ஒப்பந்தக்காரரைக் கேட்பார்கள் என்றுதான் இரவெல்லாம் எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அங்கே வந்த பேச்சு வேறு. அவனை எல்லாம் யார் போய்க் கேட்பது என்றார் ஒருவர். தினமும் கழுவி வைத்தேனே, என்னைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டாளே என்றாள் ஒருத்தி. இரண்டு நாளில் மாநகராட்சிக்கு மனு ஒன்று தயாரானது. பணியாளர் எட்டு மாதமாகக் குடியிருப்போரை ஏமாற்றினார் என்று அதில் இருந்தது. பூட்டைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி. ஏலவார்குழலியும் கையெழுத்துப் போட்டாள். "எல்லாரும் போட்டாங்க எஸ்தரு, நான் மட்டும் எப்படிப் போடாம இருக்கறது?" என்று கேட்டின் உள்ளே நின்றபடியே சொன்னாள்.

அந்த வாரமே எஸ்தரைப் பேருந்து நிலையத்தைப் பெருக்க மாற்றினார்கள். "உனக்கு எதுக்குக்கா இந்த வாயி?" என்றான் ஆனந்தராஜ். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

நான்கு மாதம் கழித்து, தாமல் பக்கம் இருந்து வந்த பஸ்ஸிலிருந்து இளங்கோவன் இறங்கினார். இரண்டு கையிலும் கேரி பேக். ஒன்றில் காய், ஒன்றில் பழம். துடைப்பத்தோடு நின்றவளைப் பார்த்துவிட்டு, ஒதுங்கிப் போக வழியில்லாமல் பக்கத்தில் வந்தார்.

"இப்ப யாரும் பிரிக்கறது இல்ல" என்றார். "என்ன பண்றது, எல்லாம் ஒண்ணாதானே போவுது."

"ஒண்ணாதான் சார் போவுது. ஆனா கடையில வாங்காத பை லாரிக்கே வராது இல்ல? வீட்டுப் பின்னால குழி எடுத்து மூடின தோலும் வராது. அதுக்கு நானும் வேணாம், மேஸ்திரியும் வேணாமே."

இளங்கோவன் எதிரே பார்த்தார். "செவிலிமேட்டு பஸ் வந்திடுச்சி" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். எஸ்தர் அந்தப் பேச்சை அதோடு விட்டாள். வேறு யாரிடமும் அதைத் திரும்பச் சொன்னதில்லை. உரக்கூடம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அவள் காலை ஐந்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பயணிகள் வீசிப்போனதை ஒரே குவியலாகக் கூட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.