கைபேசி எண் கட்டாயம்

திற்பரப்புக்குப் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் கிராம செவிலியராக இருந்தபோது, பழைய பதிவேடுகளை வாங்கி வைத்துக்கொண்டு கையில் ஒரு தொடுதிரை டேப் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளை இனி அதில்தான் பதிய வேண்டும். பெயர், வயது, எடை எல்லாம் போட்டாலும், கைபேசி எண் இல்லாமல் அது அடுத்த பக்கத்துக்கு நகராது.

மூன்றாம் மாதத்தில் பதிய வந்த ஒரு பெண்ணிடம் போன் இல்லை. வீட்டில் இருந்த ஒரே போனை லாரி ஓட்டும் கணவன் கொண்டுபோயிருந்தான். ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி ஓர் எண்ணைச் சொன்னாள். யாருடையது என்று நானும் கேட்கவில்லை, டேபும் கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டியாபீசில் வேலை செய்யும் ஓர் அம்மா வந்தார்.

“சிஸ்டரே, ஆரோ எனக்கு போன் போட்டு இரும்புச்சத்து மாத்திர தின்னச் சொல்லுதாவ. எனக்குக் கர்ப்பப்பையே கெடையாது. ஆஸ்பத்திரியில எடுத்தாச்சு.”

“அது ரெக்கார்டு பண்ணி வச்ச குரலும்மா. பதிஞ்ச நம்பருக்குத் தானா வரும்.”

“நாம திருப்பிப் பேசினா அதுக்குக் கேக்காதா?”

“கேக்காது.”

“நான் வெளக்கமா சொல்லிட்டேனே.”

எண்ணைத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பதிவு வந்தது. டேபைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

“ஆருக்க பேரு கெடக்கு?”

“சொல்லக் கூடாதும்மா.”

“சொல்லாண்டாம். இந்த நம்பர மனப்பாடமாத் தெரிஞ்சது எனக்க மவளுக்கு மட்டுந்தான். அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் கெட்டிப் போனபெறவு நாங்க பேசினதில்ல.”

“நம்பர மாத்தீரட்டா?”

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “மாத்தாண்டாம். அது பாட்டுக்குக் கெடக்கட்டு.”

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நான் அதே எண்ணுக்குத்தான் அழைத்தேன். அம்மா எடுத்தார். “சொல்லீருதேன்” என்று வைத்துவிட்டார். மகள் பிற்பாடு என்னிடம் சொன்னாள்: அம்மா அவள் வீட்டு முற்றத்தில் நின்றபடி, “திங்கக்கிழம ஸ்கேன் உண்டு. வெள்ளம் நல்லாக் குடிச்சிட்டுப் போணுமாம்” என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொல்வதற்குள் போய்விட்டாராம். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

அதன்பிறகும் பதிவுக் குரலின் அழைப்பு வாரம் ஒருமுறைதான் வந்தது. அம்மா வாரம் மூன்று முறை தகவல் சொல்லப் போனார். கையில் அயிலை மீன் கறி. அயிலை மீனைப் பற்றி அந்தக் குரல் ஒருநாளும் பேசியதில்லை.

கணவன் ஊர் திரும்பியதும் அவனுடைய எண்ணைப் போடட்டுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“வேண்டாம் சிஸ்டர்.”

“அன்னைக்கு ஒனக்கு வேற நம்பரே தெரியாதா?”

“அடுத்த வீட்டு அக்கா நம்பர் தெரியும்” என்றாள்.

ஆண் குழந்தை, சுகப்பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா மருமகனோடு முதல்முதலாகப் பேசியது, பால் விடாத கட்டன் சாயாவுக்குச் சீனி போடவா என்பதுதான். போடச் சொன்னான்.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குத் தாயும் மகளும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஊசி குத்துவதைப் பார்க்க இருவருக்கும் தைரியம் இல்லை. “நீ பிடிட்டி” என்றார் அம்மா. “நீங்க பிடிங்க” என்றாள் மகள். கடைசியில் ஆட்டோக்காரர்தான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.