மோவாயைத் தூக்கு, அங்கப்பா!

டிரில் வாத்தியார் வேலை என்பது, ஒரு வயதிலேயே நடக்கக் கற்றுக்கொண்ட மனிதனைப் பிடித்து நிறுத்தி, "நீ நடப்பது தப்பு" என்று சொல்லும் வேலை. அவன் நம்மை முறைப்பான். அவன் முறைப்பதிலும் நியாயம் இருக்கிறது. யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டிப்போனவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள், தையல் பழக்குகிறவர்கள், மச்சானுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துத் தன் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவர்கள். உங்களிடம் நான் அதிகம் அழ வேண்டியதில்லை.

பெரிய சண்டையில் நான் சென்னைப் பட்டாளத்தோடு பஸ்ரா வரை போய்வந்தவன். சண்டை முடிந்ததும் அக்காள் வீட்டைத் தேடி மலாயாவில் ஈப்போவுக்கு வந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரைக்குத் தமிழ் ஆட்களை வைத்துத் தொண்டர் படைப் பிரிவு ஒன்று கட்டும் ஆசை வந்தது. தோட்டத்தில் அவர் மானேஜர், படையில் கேப்டன். எனக்குச் சார்ஜண்டு வேலை கொடுத்தார். ஞாயிறு தோறும் காலையில் ஈப்போ திடலில் பயிற்சி. தோட்டத்து ஆட்களைத் துரையின் லாரி கொண்டுவந்து இறக்கிவிடும். டவுன் ஆட்கள் அவரவர் வசதிப்படி வந்து சேருவார்கள். எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தபோது, பஸ்ராவே தேவலை என்று தோன்றியது.

ரயிலுக்குக் கை காட்டியவர்

பொன்னுசாமி ரயில்வே கேட்டில் கொடி பிடிக்கிறவர். உயரமான ஆள், நல்ல நடை. இவரை வைத்து மற்றவர்களைத் தேற்றிவிடலாம் என்று முன் வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினேன். திடலுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் ரயில் பாதை. படை அழகாக நடந்து வருகிறது. கேப்டன் சுருட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தைப்பிங் வண்டி ஊதியது.

பொன்னுசாமி அப்படியே நின்றார். பாதைப் பக்கம் திரும்பினார். இடது கையை நேராக நீட்டினார். பின்னால் வந்தவன் அவர் முதுகில் முட்ட, அவனுக்குப் பின்னால் வந்தவன் அவன்மேல் சாய, என் படை மொத்தமும் ஒரு மூட்டையாகக் குவிந்தது. நான் ஓடிப்போய் அவர் காதருகே கத்தினேன். அவர் கையை இறக்கவில்லை. வண்டியின் கடைசிப் பெட்டி போகும் வரை பார்த்திருந்துவிட்டு, என்னிடம் பொறுமையாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்கண்ணே. நான் கை காட்டலன்னா அது எப்படிலா போகும்?"

முதுகு காட்டாத காதர்

காதர் ஈப்போவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தான். எப்போதும் சிரித்த முகம். துணி உதறுகிற கை என்பதால் கையை வீசி நடக்கச் சொன்னால் அவ்வளவு அழகாக வீசுவான். ஆனால் "அபவுட் டர்ன்" என்றால் மட்டும் அவனுக்கு உடம்பு ஒத்துழைக்காது. கேப்டன் எதிரில் நிற்கும்போது அந்த உத்தரவு கொடுத்தால், உடம்பு பாதி திரும்பும், தலை திரும்பாது. கழுத்தைத் திருகிக்கொண்டு கேப்டனைப் பார்த்துச் சிரித்தபடியே பக்கவாட்டில் போவான். கேப்டன் என்னைப் பார்ப்பார். நான் வானத்தைப் பார்ப்பேன்.

ஒரு நாள் தனியாக நிறுத்தி, "திரும்புறதுல உனக்கு என்னடா கஷ்டம்?" என்று கேட்டேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான்: "சின்ன வயசுலேருந்து மொதலாளி சொல்லிச் சொல்லி வளத்தாருண்ணே, வந்தவங்களுக்கு முதுக காட்டுனா யாவாரம் போயிடும்னு."

கழற்று, போடு

படைக்குப் பூட்ஸ் வந்து சேர்ந்த வாரம். தோட்டத்து ஆட்களின் பாதங்கள் மண்ணில் விரிந்து வளர்ந்தவை. அந்தத் தோலுக்குள் அவற்றைத் திணிக்க நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒருவழியாகப் போட்டு, கட்டி, வரிசையில் நிறுத்தினேன். கேப்டன் திடலுக்குள் நுழைந்தார். நான் அவருக்குச் சலாம் வைத்துவிட்டுத் திரும்பினால், பின் வரிசை முழுக்க வெறுங்காலோடு நிற்கிறது. பூட்ஸ் எல்லாம் முதுகுக்குப் பின்னால் கையில் தொங்குகிறது.

நான் திட்ட வாயெடுத்தவன், அவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். தோட்டத்தில் துரை வருகிறார் என்றால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும், தலையைக் குனிய வேண்டும். அவர்கள் கைகள் தாமாகவே அந்த வேலையைச் செய்துவிட்டன. கேப்டனுக்கும் அது புரிந்திருக்க வேண்டும், முகம் சிவந்து, "பூட்ஸ் போடு!" என்று மட்டும் உறுமினார்.

புகைக்கொட்டாயில் ரப்பர் பாலாடைகளைக் காயப்போடும் அங்கப்பன் என்பவன், குனிந்து கயிறு கட்டிக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "தோட்டத்துல போட்டா ஏச்சு, இங்க கழட்டுனா ஏச்சு. ரெண்டு பேரும் ஒரே தொரைதானே அண்ணே, காலு எந்தத் தொரை பேச்ச கேக்கும்?"

தலை

அந்த அங்கப்பனைப் பற்றித்தான் மீதிக் கதை. கால் பழகிவிட்டது, கை பழகிவிட்டது, துப்பாக்கி பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. தலை மட்டும் பழகவில்லை. "திடலுக்கு அப்பால் சுண்ணாம்பு மலை தெரியுதா? உச்சியில ஒத்தை மரம் நிக்குதா? அதைப் பாரு, மோவாயைத் தூக்கு" என்பேன். தூக்குவான். ஜம்மென்று நிற்பான். கேப்டன் வரிசையின் அந்தக் கோடியில் கால் வைத்ததும், இந்தக் கோடியில் இவன் மோவாய் நெஞ்சில் போய் ஒட்டிக்கொள்ளும். கேப்டன் பல வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள், "கோலாலம்பூரிலிருந்து பெரிய துரை பார்வையிட வருகிறார். அன்றைக்கும் இவன் தலை தொங்கினால் படையிலிருந்து நீக்கிவிடு" என்று உத்தரவு போட்டார்.

அங்கப்பனிடம் சொன்னபோது அவன் அரண்டுபோனான். பயிற்சி முடிந்து ஸ்டேஷன் எதிரே கோப்பிக்கடைக்கு அவனைக் கூட்டிப்போனேன். "வேணாம்னா விட்டுடு அங்கப்பா. ஞாயித்துக்கிழமை வீட்டுல காலை நீட்டிப் படுக்கலாமே" என்றேன். அவன் கோப்பியைத் தொடாமல் பேசினான்.

விடியும் முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். ஒரு நாள் அவன் மனைவி லெட்சுமி காய்ச்சலோடு வந்ததில் பெரட்டுக்குப் பிந்திவிட்டாளாம். ஆட்களை மேய்க்கும் கங்காணி அவளுடைய ரப்பர்ப் பால் வாளியைக் காலால் உதைத்து, அத்தனை பேர் முன்னால் காது கூசும்படி ஏசியிருக்கிறார். அங்கப்பன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றானாம். குனிந்த தலை குனிந்தபடி, தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். படைக்கு ஆள் சேர்க்கிறார்கள், நிமிர்ந்து நிற்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே பேர் கொடுத்திருக்கிறான். லெட்சுமி அதைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணுமே கேக்கலண்ணே," என்றான். "கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

தொப்பி

பொன்னுசாமிக்கும் காதருக்கும் நான் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு காதர் எங்கிருந்தோ துரைமார் வைக்கும் வெள்ளைத் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்தான். கேப்டன் வருவதற்கு முன் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கக்கத்தில் பிரம்பை இடுக்கி, வயிற்றை முன்னால் தள்ளி, "என்னா ஆள், பட்டன் எங்கே ஆள்?" என்று துரைத் தமிழில் கேட்டபடி வரிசையைப் பார்வையிட்டான். ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அங்கப்பனும் சிரித்தான். ஆனால் காதர் எதிரே வந்து நின்றதும் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துவிட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் குனிவது ஆளுக்கு இல்லை, தொப்பிக்கு. அன்றிலிருந்து அதை ஒரு கம்பில் மாட்டித் திடல் ஓரத்தில் நட்டுவைத்தோம். அங்கப்பன் அதன் முன்னால் நிற்பான், நடப்பான், மறுபடி நிற்பான். பொன்னுசாமி பக்கத்தில் நின்று, மோவாய் இறங்கும்போதெல்லாம் கொடி காட்டுவதுபோலக் கையை உயர்த்துவார். சிவப்பு விளக்கு விழுந்த வண்டி மாதிரி மோவாய் நிற்கும். சில வாரங்களில் கம்பை எடுத்து ஆட்கள் கையில் கொடுத்து அவனை நோக்கி நடக்கவிட்டோம். அவன் வியர்த்து விறுவிறுத்துப்போன ஒரு நாள், காதர் தொப்பியைக் கவிழ்த்து உள்ளே கைவிட்டுக் காட்டினான்: "நல்லா பாரு மச்சான், உள்ள ஒரு ஆளும் இல்ல. நம்ம வியர்வ வாடதான் அடிக்குது."

பெரிய துரை வந்த நாள்

லேசான தூறல். பெரிய துரை முன்னால், எங்கள் கேப்டன் பின்னால், அவருக்கும் பின்னால் நான். காதரைத் தாண்டினோம். பொன்னுசாமியைத் தாண்டும்போது பாழாய்ப்போன வண்டி ஊதியது. அவர் இடது கை தொடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, மேலே எழவில்லை. அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பின் வரிசையில் அங்கப்பன். இரண்டு தொப்பிகள் அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றன. நான் மூச்சு விடவில்லை. அவன் மோவாய் ஒரு தடவை துடித்தது. பிறகு மலை உச்சி மரத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றது. மழைத்துளி புருவத்திலிருந்து கன்னத்தில் வழிந்ததைக்கூட அவன் துடைக்கவில்லை. பெரிய துரை "பாகுஸ்" என்று மலாயில் பாராட்டிவிட்டு நகர்ந்தார். எங்கள் கேப்டன் நகரவில்லை. அங்கப்பனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து தோட்டத்துத் தமிழில் கேட்டார்: "சார்ஜண்டு, இந்த ஆள் நம்ம தோட்டத்து ஆளா? இந்த மூஞ்சி நான் பார்த்ததே இல்லையே."

பெரட்டு

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு லாரியில் அங்கப்பன் வரவில்லை. விசாரித்தால், "பெரட்டுல தலைய தூக்கிட்டு நிக்கிறான்லா அண்ணே. கங்காணி கடுப்பாகி ஞாயித்துக்கிழமை புகைக்கொட்டாய்ல போட்டுட்டாரு" என்றார்கள். திடலில் நிமிரச் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் ஈப்போவில் சௌகரியமாக இருக்கிறேன். அவன் அல்லவா அங்கே வாழ வேண்டும்? பிள்ளை குட்டியோடு லயத்து வீட்டை விட்டுத் துரத்திவிட்டால் எங்கே போவான்? சனிக்கிழமையே புறப்பட்டுப் போய், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டில் தங்கி, விடியும் முன் பெரட்டுக் களத்துக்குப் போய் ஓரமாக நின்றேன்.

மழையில் விட்டுப்போன பால் வெட்டை ஈடுகட்ட, அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமையும் பெரட்டு உண்டு; படை ஆட்கள் மட்டும் பெரட்டு முடிந்ததும் லாரி ஏறிவிடுவார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ஆபீஸ் படியில் துரை, எங்கள் கேப்டனேதான். கங்காணி அரிக்கேன் விளக்கோடு பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். குனிந்த தலைகளுக்கு நடுவே அங்கப்பன் தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. கங்காணி அவனைத் தாண்டிப் போனார். பெண்கள் வரிசைக்கு வந்ததும் சட்டென்று நின்று, விளக்கை உயர்த்தினார். இடுப்பில் வாளியோடு ஒரு பெண், புகைக்கொட்டாய்க் கூரைக்கு மேலே பார்வையை நிறுத்தி, மோவாயைத் தூக்கியபடி நின்றாள். அங்கப்பனின் கைகள் விறைப்பதைப் பார்த்தேன். கங்காணி ஏசுவதற்கு வாயைத் திறந்தார். ஆனால் துரை படியிறங்கி வந்து, விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அங்கப்பன் முகத்தையும் பார்த்தார். "நேரம் ஆகுது கங்காணி. பேர் கூப்பிடு," என்றார். "அங்கப்பன் இன்னைக்கு லாரியில் வரணும்." கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "லெட்சுமி" என்றார். அவள் "இருக்கேன்" என்றாள்.

லாரி புறப்படுவதற்குள் லெட்சுமி எனக்கு ஒரு குவளை கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு யார் இப்படி நிற்கச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். அங்கப்பன் வெட்கப்பட்டு லாரியில் ஏறிக்கொண்டான். அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தபடி சொன்னாள்: "வீட்டுல பழகுறதுக்கு எதிர்ல ஒரு ஆளு வேணும்னாருண்ணே. அடுப்புச் சட்டிய தலைல கவுத்துக்கிட்டு நான்தான் தொரையா நின்னேன். பொறவு அவரு சட்டிய வாங்கி மாட்டிக்கிட்டு, இப்ப நீ நில்லு புள்ளன்னாரு."

தொண்டை கிழியக் கத்தி எத்தனையோ பேரை நிமிர்த்திப் பார்த்த எனக்கு, ஒரு வார்த்தைகூடக் கத்தாமல் கிடைத்த சிறந்த சிப்பாய், படையில் பேரே கொடுக்காத அந்த லெட்சுமிதான்.